மொட்டைப் பிளந்து நிறம் பார்த்த கதை

முதல் அடி வாயிற்கம்பத்தின்மேல் விழுந்தது. நான்கு கிலோ எடையுள்ள இரும்புச் சுத்தியல். அதை ஓங்கியவரும் இளைத்தவரல்லர். கம்பம் அதிர்ந்தது, ஆயினும் நின்றது. எழுத்தர் அம்மையார் தம் பலகையில் செருகியிருந்த படிவத்தில் ‘முதலீடு: ஒன்று’ என்று குறித்துக்கொண்டார். இரண்டாம் அடி கம்பத்தை அடுத்திருந்த தண்ணீர்த் தொட்டியின்மேல் விழுந்தது. தொட்டி நெடுக்காகப் பிளந்தது. ஆயிரம் லிட்டர் தண்ணீரும் அங்கு நின்றோரின் கால்களைக் கழுவிக்கொண்டு தெருவை நோக்கி ஓடிற்று. ‘செலவு: ஒன்று’ என்று குறித்துக்கொண்டார்.

அதன் பின்னரே தலைமை மதிப்பீட்டாளர் கைகுவித்து, “வணக்கம்ங்க. உள்ளே வரலாமா?” என்று கேட்டார்.

வந்தவர்கள் மலர்வணிக முதலீட்டுத் தொழில்நுட்ப மேலாண்மை மதிப்பீட்டு ஆணையத்தார். இப்பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கே அங்கே வேலை என்பது பொதுமக்களின் நம்பிக்கை. தலைமை மதிப்பீட்டாளர், சுத்தியலைச் சுமந்துவரும் உறுதிநிலை அலுவலர், எழுத்தர் அம்மையார் என மூவர் ஒரு வண்டியில் வருவர். ஆர்க்கிட் வளர்ப்போர் எவராயினும் இம்மூவர் கையொப்பமிட்ட சான்று இல்லாமல் ஒரு பூவைக்கூட விற்றல் ஆகாது. சான்று பெற்ற தோட்டக்காரர்களைத் தெருவில் அடையாளம் காண்பது எளிது. கையிலோ காலிலோ மாவுக்கட்டு இருக்கும்.

தோட்டத்துக்கு உரியவரை அக்கம்பக்கத்தார் ‘அந்தரம்’ என்று அழைத்தனர். மண்ணைத் தொடாமல், கம்பியில் தொட்டிகளைத் தொங்கவிட்டு அந்தரத்தில் செடி வளர்ப்பவர் என்பதால் வந்த பெயர். நாற்பத்தொன்பது வயது. யாரையும் கைநீட்டி அடித்தறியாதவர். கடைக்காரர் தவறான பொருளைக் கட்டிக் கொடுத்தால், அதைத் திருப்பிக் கொடுக்கக் கூசி, அதையே பயன்படுத்தப் பழகிக்கொள்பவர். அப்படிப்பட்ட மனிதர் தம் தொட்டித் தண்ணீர் தெருவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, “வாங்க, வாங்க” என்றார்.

“என்னத்த வாங்க வாங்க?” என்று அவர் முதுகுக்குப் பின்னால் மனைவி பல்லைக் கடித்தாள். “உடைச்சுட்டுக் கேக்குறான் உள்ள வரலாமான்னு. நீங்களும் வெத்தலபாக்கு வைக்காத குறையா அழைக்கிறீங்க.”

“சும்மா இரு. சான்று வேணுமில்ல?”

சான்று வேண்டும்தான். இரண்டாயிரம் செடிகள் பூந்தண்டு விட்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு நாட்களில் வெட்ட வேண்டும். மொத்த வியாபாரி, “சான்று இல்லாத பூவை என் வண்டியில ஏத்தினா என்னையும் சேர்த்து மதிப்பிடுவாங்கய்யா. எனக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு” என்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தரத்தாரின் நெஞ்சு அந்த இரண்டாயிரத்தில் இல்லை. நிழல்வலைக் கூடாரத்தின் கடைக்கோடியில், பெஞ்சின்மேல் தனியாக ஒரு தொட்டி இருந்தது. ஏழாண்டுகளுக்கு முன்பு அவர் மனைவி ஒரு பல்குச்சியின் முனையால் ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்தாள். காய் பிடித்தது, தூசிபோன்ற விதை குப்பியில் முளைத்தது, இருநூறு நாற்றில் நூற்றுத்தொண்ணூற்றொன்பது செத்தன. எஞ்சிய ஒன்று இப்போதுதான் முதன்முறையாகத் தண்டு விட்டு ஒன்பது மொட்டுகளைத் தாங்கி நின்றது. அது எந்த நிறத்தில் பூக்கும் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. உலகத்தில் இதுவரை அப்படியொரு பூ இருந்ததில்லை. அதைப் பார்த்துவிட வேண்டும்; கணவனுக்கும் மனைவிக்கும் அவ்வளவே ஆசை.

மூவரும் உள்ளே நுழைந்தனர்.

ஆணையத்தின் கையேடு முந்நூற்று நாற்பது பக்கம். அதன் சாரம் ஒரே வரி: அடித்த பின்னும் நிற்பது முதலீடு, விழுவது செலவு. இவ்வரியைக் கண்டறிய வல்லுநர் குழுவுக்கு ஆறாண்டு பிடித்தது என்பர். உறுதிநிலை அலுவலர் அவ்வரியை ஒவ்வொரு குழாயிலும், ஒவ்வொரு சட்டத்திலும், ஒவ்வொரு பெஞ்சிலும் பொறுமையாக நிலைநாட்டிக்கொண்டு நடந்தார். முதல் வரிசைத் தாங்குகுழாய் நின்றது. இரண்டாம் வரிசை வளைந்தது. மூன்றாம் வரிசை அறுபது தொட்டிகளோடு சரிந்தது; தொட்டிகளில் நிரப்பியிருந்த கரித்துண்டும் தேங்காய் மட்டைத்துண்டும் இலையும் வேரும் ஒன்றாகத் தரையில் கொட்டின. அந்தரத்தார் குனிந்து பொறுக்கப்போனார். அடுத்த அடிக்கு ஓங்கிய சுத்தியல் அவர் காதோரமாகக் காற்றைக் கிழித்துச் சென்றது.

“ஓரமா நில்லுங்கய்யா, பட்டுடப் போகுது” என்றார் உறுதிநிலை அலுவலர் அக்கறையோடு. உடம்பு பெருத்தவராயினும் குரல் மென்மையானது. “இன்னைக்கு இது மூணாவது தோட்டம். தோள்பட்டை கழண்டு வருது. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“இருந்துச்சுங்க” என்றார் அந்தரத்தார்.

தலைமை மதிப்பீட்டாளர் ஒரு தொட்டியைக் கவிழ்த்து உதறினார். செடி தலைகீழாகத் தொங்கியது. “மண் எங்க?”

“இதுக்கு மண் கிடையாதுங்க. காட்டுல மரத்துமேல ஒட்டிக்கிட்டு வளர்ற சாதி. காத்துல இருக்கிற ஈரத்தையே குடிச்சுக்கும். மண்ணுல வெச்சா அழுகிடும்.”

“மண் இல்ல?”

“இல்லீங்க.”

“ரெண்டாயிரம் தொட்டியிலயும்?”

“ஒண்ணுலயும் இல்லீங்க.”

தலைமை மதிப்பீட்டாளர் எழுத்தரைப் பார்த்துத் துயரத்தோடு தலையசைத்தார். “எழுதிக்கம்மா. முதலீட்டுக்கு அடித்தளம்: இல்லை. முதலீடு முழுவதும் காற்றில் போடப்பட்டுள்ளது.” பிறகு தொட்டிக்கு வெளியே நீண்டு தொங்கிய வெண்ணிற வேர்களைத் தம் பிரம்பால் தட்டினார். “இது என்ன, வெளிய தொங்குது?”

“வேருங்க.”

“வேர் உள்ளேதான இருக்கணும்? வேர்மேலகூட உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லைன்னா மேலாண்மைக்கு நான் எப்படிய்யா மதிப்பெண் போடுறது?”

வேர்க்கட்டுப்பாட்டுக்கு முக்கால் மணிநேரம் ஆயிற்று. உறுதிநிலை அலுவலர் சுத்தியலை வைத்துவிட்டு வெட்டுக்கத்தரியை எடுத்தார். வரிசை வரிசையாக வேர்கள் அறுந்து விழுந்தன. அறுந்த முனைகளிலிருந்து நீர் கசிந்தது. அந்தரத்தார் ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தார். நானூறு வெட்டுக்குப் பின் மூடிய கண்ணைத் திறக்க மறந்தே போனார்.

“என்னங்க, கண்ணைத் திறங்க. பம்புகிட்ட போறாங்க” என்று மனைவி அவர் விலாவில் இடித்தாள்.

பனித்துளிபோல் நீரைத் தூவும் இயந்திரம் அது. ஈரப்பதமானி சொன்னால் தானே ஓடும்; போதுமென்றால் தானே நிற்கும். அந்தரத்தார் அதைத் தம் கையால் துடைத்துப் பேணிவந்தார்.

“இதுதான் உங்க தொழில்நுட்பமா?” என்றார் தலைமை மதிப்பீட்டாளர்.

“ஆமாங்க. வேணும்னா ஓட்டிக் காட்டட்டுமா?”

“ஓடுறப்போ யார் வேணா மேலாண்மை பண்ணலாமே! ஓடாதபோது பண்றவன்தான் மேலாளர்.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆரம்பிங்க.”

சுத்தியல் மூன்றுமுறை இறங்கியது. இயந்திரத்தின் மூடி பறந்து கூரையைக் கிழித்தது. செம்புச் சுருள் குடல்போல வெளியே சரிந்தது. மின்பொறி சீறிற்று. ஈரப்பதமானியின் முள் ஒருமுறை துடித்து அடங்கிற்று.

“தொழில்நுட்பம் போயிடுச்சு. இப்ப மேலாண்மை பண்ணுங்க, பார்ப்போம். உங்களுக்கு நாலு நிமிஷம்.”

அந்தரத்தார் உடைந்த இயந்திரத்தையும், நீரில்லாத தொட்டியையும், வெட்டுண்ட செடிகளையும் மாறிமாறிப் பார்த்தார். நாலு நிமிடமும் பார்த்தார். எழுத்தர் அம்மையார் ‘மேலாண்மை: பார்வையிடல் மட்டும்’ என்று எழுதினார்.

“கெட்டவங்கன்னு எங்களை நினைச்சுடாதீங்க” என்றார் தலைமை மதிப்பீட்டாளர், உடைந்த மூடியின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு. “நாங்க எதையும் உடைக்கிறதில்ல. உடையப்போறது தானா உடையுது. அந்த நேரத்துல நாங்க பக்கத்துல இருக்கோம், அவ்வளவுதான். நாங்க வரலைன்னா உங்களுக்கு இதோட பலவீனமே தெரிஞ்சிருக்காது. பத்து வருஷம் ஓடியிருக்கும். நீங்களும் ஓடுது ஓடுதுன்னு ஏமாந்துபோயிருப்பீங்க.”

“ரொம்ப நன்றிங்க” என்றார் அந்தரத்தார். அவர் உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

“அடுத்தது மனிதவளம்.” தலைமை மதிப்பீட்டாளர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். “தோட்டத்தை ஓட்டுறவரும் தோட்டத்தோட ஒரு பகுதிதானே? கொஞ்சம் முன்னாடி வாங்க.”

அந்தரத்தார் முன்னே வந்தார். உறுதிநிலை அலுவலர், “தப்பா எடுத்துக்காதீங்கய்யா” என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையால் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டார். கூடாரத்துக்குள்ளிருந்த குருவி கிழிந்த கூரை வழியே வெளியே பறந்தது. அந்தரத்தார் தள்ளாடினார், விழவில்லை. ‘முதலீடு’ என்று எழுத்தர் எழுதத் தொடங்குவதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு பல் தெறித்துத் தரையில் விழுந்தது.

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். “சார், ஆள் நிக்கிறார். பல் விழுந்துடுச்சு. எப்படி எழுத?”

“தனித்தனியா எழுதும்மா. ஆள் முதலீடு. பல் செலவு. எதிர்வினை ஏதாவது காட்டினாரா?”

“நன்றின்னு சொன்னார் சார்.”

“அது அறைக்கு முன்னாடி. அறைக்குப் பின்னாடி?”

“பல்லைத் தேடுறார்.”

“எதிர்வினை: பூஜ்யம்.”

மனைவி இதுவரை பொறுத்ததே பெரிது. அவள் பாய்ந்துவந்து உறுதிநிலை அலுவலரின் சட்டையைப் பற்றினாள். “ஏன்யா, மலைமாடு மாதிரி இருக்கியே, வாயில்லாப் பூச்சியப் போட்டு அடிக்கிறியே, வெக்கமா இல்ல? உனக்கு ஒரு அறை நான் விடட்டுமா?”

“எனக்கு அதிகாரம் இருக்குதும்மா. உங்களுக்கு இல்லையே” என்றார் அவர், வருத்தமாகவே.

“விடு, விடு” என்று அந்தரத்தார் பல்லிழந்த வாயால் கெஞ்சினார். “முடிஞ்சுது. இதோ கிளம்பிடுவாங்க.”

அவர்கள் கிளம்பவில்லை. தலைமை மதிப்பீட்டாளர் கடைக்கோடிப் பெஞ்சைப் பார்த்துவிட்டார்.

படிவத்தின் பதினேழாம் கட்டம்: பூவின் நிறம். மற்றச் செடிகளுக்கு அது எளிதில் நிரம்பிவிட்டது. இந்தத் தொட்டியின் முன்னே எழுத்தரின் பேனா நின்றது.

“இது என்ன நிறம்?”

“தெரியாதுங்க. இன்னும் மலரலை. பத்து நாள்ல மலர்ந்துடும்.”

“கட்டத்தைக் காலியா விடக்கூடாது.”

“‘பின்னர் தெரியும்’னு எழுதிக்கலாமேங்க.”

தலைமை மதிப்பீட்டாளர் முதன்முறையாக முகம் சுளித்தார். “இவ்வளவு வருஷம் முதலீடு பண்ணிருக்கீங்க. என்ன வரும்னே தெரியாமலா பண்ணீங்க?”

“ஆமாங்க” என்றார் அந்தரத்தார். “தெரியாததாலதான் பண்ணோம்.”

இப்பதில் ஆணையத்தின் வரலாற்றிலேயே யாரும் சொல்லாதது. தலைமை மதிப்பீட்டாளர் சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, அடிமொட்டின் வயிற்றில் செருகி, மேலிருந்து கீழாகப் பிளந்தார். உள்ளே வெளிறிய பச்சை. மலராத மொட்டுக்குள் வேறென்ன இருக்கும்? “பச்சையா? ஒண்ணை வெச்சு முடிவு பண்ணக்கூடாது. சராசரி எடுக்கணும்.” இரண்டாம் மொட்டைப் பிளந்தார். மூன்றாம் மொட்டை. நான்காம் மொட்டுக்கு அந்தரத்தார் “ஐயா” என்றார். ஐந்தாம் மொட்டுக்கு “ஐயோ” என்றார். ஆறும் ஏழும் தொடர்ந்தன. பிளந்த மொட்டுகள் தண்டில் இரு கூறாகத் தொங்கின.

எட்டாம் மொட்டின்மேல் கத்தி இறங்கும்போது மனைவி தன் இடக்கையை இடையில் நீட்டினாள். மொட்டை மூடிக்கொள்ளத்தான் நீட்டினாள். கத்தி அவள் உள்ளங்கையின் குறுக்கே ஓடி, அடியிலிருந்த மொட்டையும் பிளந்தது. குருதி பெருகி அம்மொட்டின் இரு பிளவுகளுக்குள்ளும் நிறைந்தது.

எழுத்தர் அம்மையார் எட்டிப் பார்த்தார். “சார், சிவப்பு.”

“அப்பாடா” என்றார் தலைமை மதிப்பீட்டாளர், கத்தியைத் துடைத்தவாறே. “எழுதிக்க. பதினேழு: சிவப்பு.”

“அது ரத்தம்ங்க!” என்று அந்தரத்தார் அலறினார். மனைவியின் கையைத் தம் சட்டைத் துணியால் இறுக்கிக்கொண்டிருந்தார். துணி நனைந்துகொண்டே இருந்தது. “என் வீட்டுக்காரி ரத்தம்!”

“எதனால சிவப்புன்னு கட்டத்துல கேள்வி இல்லையே. நிறம் என்னன்னுதான் கேட்டிருக்கு.” அவர் எஞ்சிய நுனிமொட்டைக் கத்தியால் சுட்டினார். “அது ஒண்ணு இருக்கட்டும். பன்னிரண்டாம் நாள் சரிபார்க்க வருவோம். அறிக்கையில உள்ள சிவப்பு பூவுல இருந்தா சான்று உங்க கையில. இல்லைன்னா நீங்க பொய்த் தகவல் குடுத்ததா ஆகும். பிரிவு நாற்பதுப்படி தோட்டம் மொத்தத்தையும் செலவுல எழுதிடுவோம். அதுக்கு இந்தச் சுத்தியல் பத்தாது. புல்டோசர் தனியா வரும்.”

மனைவிக்கு உள்ளங்கையில் ஒன்பது தையல் போட்டனர்.

அடுத்த பன்னிரண்டு நாளும் இருவரும் குடத்தில் நீர் சுமந்து, வாயால் ஊதும் தெளிப்பானால் செடிகளை நனைத்தனர். வேர் அறுந்தவற்றில் பாதி வாடின. நுனிமொட்டு மாத்திரம் பருத்துக்கொண்டே வந்தது. பதினோராம் நாள் அந்தரத்தார் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“சிவப்பு மை கொஞ்சம் வாங்கிட்டு வந்தா…”

“எதுக்கு?”

“சும்மா, கைவசம் இருக்கட்டுமேன்னு.”

“பூவுக்குத் தடவப் போறீங்களா? தடவுங்க. அதுக்கு முன்னாடி உங்க மூஞ்சில தடவிக்கோங்க. ஏழு வருஷம் காத்திருந்தது மை பார்க்கவா?”

“தோட்டம் போயிடும் புள்ள.”

“போகட்டும். அது என்ன நிறம்னு நான் பார்த்துடணும். அப்புறம் புல்டோசரை என்மேல ஏத்தினாலும் சரி.”

பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் பூ மலர்ந்திருந்தது. ஆறிய தேநீரில் பால் விட்டதுபோன்ற மங்கிய பழுப்பு. இதழோரங்களில் ஊதா நரம்புகள். உதடுபோல் முன்நீண்ட கீழிதழின் உட்புறத்தில் மாத்திரம் எலுமிச்சை மஞ்சள். சிவப்பு ஒரு பொட்டளவும் இல்லை.

இருவரும் பெஞ்சின் முன்னே தரையில் அமர்ந்தனர்.

“அழுக்கு நிறமா இருக்கில்ல?” என்றாள் மனைவி.

“ஆமா.”

அவள் கட்டில்லாத கையால் தொட்டியைச் சற்றுத் திருப்பினாள்.

“நல்லா இருக்கில்ல?”

“ஆமா” என்றார் அந்தரத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. இம்முறை ஆணையத்தின் தலைவரும் வந்திருந்தார். மூவர் குழுவுக்கும் மேலான அவர், புதிய சிவப்புப் பூ ஒன்று அறிக்கையில் பதிவாகியிருப்பதை அறிந்து நேரில் கண்டு மகிழ வந்தார். பின்னால் புல்டோசர் ஒன்றும் உறுமிக்கொண்டு தெருமுனையில் நின்றது.

தலைவர் கூடாரத்தின் நடுவில், கவிழ்ந்த தொட்டிகளுக்கிடையே நின்று பேசினார். கேட்பவர் ஐவரேயாயினும் அவர் பேசினார். “இந்த ஆணையம் தொடங்கினப்போ நானூறு ஆர்க்கிட் தோட்டம் இருந்துச்சு. அத்தனையும் குறைபாடுகள். யாருமே சொல்லாததால ஓடிக்கிட்டு இருந்துச்சு. எங்க இடைவிடாத மதிப்பீட்டால இன்னைக்கு அதைப் பதினொண்ணாச் செம்மைப்படுத்தியிருக்கோம். குறைபாடு எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க! இன்னும் ரெண்டு வருஷம் குடுங்க. குறையே இல்லாத துறையா ஆக்கிக் காட்டுறோம். எங்க, அந்தச் சிவப்புப் பூ?”

பூ பழுப்பாய் நின்றது.

தலைமை மதிப்பீட்டாளரின் முகம் வெளுத்தது. பூவை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். “இது பூவோட தப்பு சார். அறிக்கை போனப்புறம் மாறியிருக்கு.”

“அறிக்கையை மாத்த முடியாது” என்றார் தலைவர். “மேலிடத்துக்குப் போயாச்சு. சிவப்புன்னு பாராட்டுக் கடிதமே வந்தாச்சு.”

“மாத்த வேண்டாம் சார். சோதனையைத் திரும்பச் செஞ்சு காட்டுறேன். போன தடவை எந்த முறையில சிவப்பு வந்துச்சோ அதே முறையில செஞ்சா அதே முடிவு வரணும். அதுதான் அறிவியல்.” அவர் மடக்குக் கத்தியைத் திறந்தார். “அம்மா, அந்தக் கையைக் கொஞ்சம் குடுங்க. அதே கை. அதே ஆழம்.”

உறுதிநிலை அலுவலர் மனைவியின் இடக்கை மணிக்கட்டைப் பற்றினார். “ரெண்டு நிமிஷம்தாம்மா” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே கட்டைப் பிரித்தார். அவள் உதைத்தாள், கடித்தாள், அவர் புறங்கையில் பற்குறி பதிந்தது, பிடி தளரவில்லை. ஒன்பது தையலும் வெளியே தெரிந்தன. அதில் ஒன்று இழுபட்டு அறுந்தது.

அந்தரத்தார் அந்தத் தையல் அறுந்ததைப் பார்த்தார்.

அவர் என்ன நினைத்தார் என்பதை அவரே பின்னாளில் சொல்லத் தெரியாதவராக இருந்தார். வலக்கை தானாக மடங்கிற்று, தானாக உயர்ந்தது. நாற்பத்தொன்பது ஆண்டுகளாக எவர்மேலும் படாத கை தலைமை மதிப்பீட்டாளரின் மூக்கில் நேராகச் சென்று இறங்கிற்று. காய்ந்த குச்சி முறிவதுபோன்ற ஓசை எழுந்தது. அது போதாதென்று அதே கை இன்னுமொருமுறை சென்றது. இம்முறை உதடு கிழிந்தது. மூன்றாம் முறைக்குள் தலைமை மதிப்பீட்டாளர் பெஞ்சைப் பற்றிக்கொண்டு பூவின்மேல் கவிழ்ந்தார். அவர் மூக்கிலிருந்து குழாய் திறந்தாற்போல் கொட்டியது. இதழ், நரம்பு, மஞ்சள் உதடு யாவற்றையும் மூடி, தண்டு வழியே வழிந்து தொட்டியில் சொட்டியது.

எழுத்தர் அம்மையார் குனிந்து பூவைப் பார்த்தார்.

“சார், சிவப்பு.”

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒளி பரவியது. “சிவப்புதான். நல்ல அடர்த்தி. எழுதிக்கம்மா: முடிவு உறுதி செய்யப்பட்டது.”

அவ்வேளையில் தலைமை மதிப்பீட்டாளரின் பிடி நழுவியது. அவர் பெஞ்சிலிருந்து சரிந்து, கரித்துண்டுகளின்மேல் தொப்பென்று விழுந்தார்.

“செலவு” என்றார் உறுதிநிலை அலுவலர், பழக்கத்தினால்.

யாவரும் தலைவரைப் பார்த்தனர். தலைவர் கையேட்டைப் புரட்டி அவ்வரியைத் தேடிப் படித்தார். அதில் அலுவலர்க்கு விலக்கு ஏதும் இல்லை. “விதி விதிதான். எழுதிடுங்க. இருபத்தாறு வருஷம் நல்லாத்தான் வேலை பார்த்தார்; ஆனா நிக்கலையே.” அவர் உறுதிநிலை அலுவலரின் தோளில் தட்டினார். “இனிமே நீங்கதான் தலைமை மதிப்பீட்டாளர். சுத்தியலுக்கு வேற ஆள் பார்ப்போம்.”

“தோள்பட்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் சார்” என்றார் அவர் நெகிழ்ந்து.

தரையில் கிடந்தவர் ஒரு கையை உயர்த்தி ஏதோ சொல்ல முயன்றார். செலவில் எழுதப்பட்டவரின் கூற்றைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லையாதலால் எழுத்தர் பேனாவை மூடினார். பின் எதையோ நினைத்துக்கொண்டு மீண்டும் திறந்தார். “சார், தோட்டக்காரரோட எதிர்வினைக் கட்டம்? போன தடவை பூஜ்யம் போட்டிருக்கு.”

தலைவர் அந்தரத்தாரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தரத்தாரின் விரல்முட்டிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. “எத்தனை அடி?”

“மூணு சார். மூணாவது பாதி.”

“முழு மதிப்பெண் போடு. இந்த வேகம் முன்னாடியே இருந்திருந்தா இந்தத் தோட்டம் எங்கேயோ போயிருக்கும்யா.”

சான்று அங்கேயே எழுதப்பட்டது, தலைவர் கையொப்பமிட்டார். பூவை வெட்டுக்கத்தரியால் நறுக்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, ஆதாரப்பொருள் என்று எடுத்துக்கொண்டனர். மனைவி தடுக்கவில்லை. குருதி தோய்ந்த அப்பூவில் அவள் பார்க்க வேண்டியது எதுவும் மிச்சமிருக்கவில்லை. பார்க்க வேண்டியதை அவள் காலையிலேயே பார்த்துவிட்டாள். செலவானவரை இருவர் காலும் கையுமாய்த் தூக்கி வண்டியின் பின்பக்கத்தில் கிடத்தினர். புல்டோசர் ஏமாற்றத்தோடு உறுமிவிட்டுத் திரும்பிற்று. வாயிற்கம்பத்தை மாத்திரம் போகிற போக்கில் சாய்த்துவிட்டுப் போயிற்று.

வண்டியில் ஏறும்போது தலைவர் தலையை வெளியே நீட்டினார். “சான்றுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அடுத்த பூ விடும்போது இதே முறையில சிவப்பு வருதான்னு பார்க்கணும். நானே நேர்ல வந்து பக்கத்துல நின்னு பார்க்கிறேன்.”

“அவசியம் வாங்க” என்றார் அந்தரத்தார்.

வண்டியின் புழுதி அடங்கிற்று. மனைவி பெஞ்சருகே சென்று, வெட்டுண்ட தண்டோடு நின்ற செடியை ஒற்றைக் கையால் திருப்பிப் பார்த்தாள். தொட்டியில் சொட்டியிருந்ததைத் தெளிப்பானால் கழுவினாள். அடிக்கணுவில் பச்சை முனை ஒன்று, அரிசியளவில் துருத்திக்கொண்டிருந்தது.

“என்னங்க, இங்க வாங்க. புதுக் குருத்து வருது. வர்ற வருஷம் இதுல பூவு வரும்.”

அந்தரத்தார் வந்து குனிந்து பார்த்தார். வீங்கிய கையை அருகிலிருந்த நீர்க்குடத்துக்குள் விட்டு ஆற்றிக்கொண்டார்.

“அதுவும் இதே அழுக்கு நிறத்துலதாங்க பூக்கும்” என்றாள் அவள். “சிவப்பா எல்லாம் வராது.”

“வர வேண்டாம்” என்றார் அந்தரத்தார். குடத்திலிருந்து கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். “தலைவரோட மூக்கைக் கவனிச்சியா? நல்ல எடுப்பான மூக்கு.”